ரயில் போன தடத்தில் சைக்கிள்: சான் ரெமோ கடலோரப் பாதைக்கு அம்மாவை அழைத்துப் போகலாமா?

#1 மழைக்காகம்

எல்லோருக்கும் வணக்கம். மிலானில் இருக்கிறேன். ஏப்ரலில் ஊரிலிருந்து அம்மா வருகிறார். மகனுக்கு 11 வயது. மூன்று பேருமாக ஒரு வார இறுதியில் இத்தாலியின் லிகூரியா கடற்கரைப் பக்கம் போய், ஒஸ்பெதலெத்தியில் தொடங்கி சான் ரெமோ வழியாக சான் லொரென்ஸோ அல் மாரே வரை கடலை ஒட்டிப் போகும் சைக்கிள் பாதையில் ஓட்டலாம் என்று ஆசை. மொத்தம் 24 கி.மீ. என்று படித்தேன்.

என் தயக்கம் அம்மாவைப் பற்றித்தான். வயது 58. சைக்கிள் தெரியாதவர் இல்லை. 1992 வாக்கில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தில் பெண்களுக்கு சைக்கிள் கற்றுக் கொடுத்தபோது கற்றவர். பார் வைத்த ஆண்கள் சைக்கிளில் என்னை முன்னால் உட்கார வைத்து, பின்னால் இரண்டு குடம் கட்டிக்கொண்டு போவார். ஆனால் கடைசியாக ஓட்டிப் பதினைந்து வருடமாவது இருக்கும். மூட்டு வலி கொஞ்சம் உண்டு.

வரைபடத்தைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. மலை நேராகக் கடலுக்குள் இறங்குகிற மாதிரி தெரிகிறது. இந்த இடத்தில் போய் ஏற்ற இறக்கம் இல்லாத பாதை எப்படி இருக்க முடியும்? போனவர்கள் உண்மையைச் சொல்லுங்கள். எந்த முனையிலிருந்து ஆரம்பிப்பது நல்லது என்பதையும்.

#2 சங்கிலி_எண்ணெய்

உண்மை வேண்டுமா? சலிப்பான பாதை. ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமே கிடையாது. வார இறுதியில் நடப்பவர்கள், நாய், தள்ளுவண்டிக் குழந்தை, நான்கு சக்கர மிதிவண்டியில் குடும்பத்தோடு ஆடி அசைந்து வருபவர்கள். நான் ஒரு தடவை போனேன், பாதியில் வெளியேறி சிப்ரெஸா மலையில் ஏறிவிட்டேன். அங்கேதான் காட்சி.

உங்கள் அம்மாவுக்குப் பிரச்சினை இருக்காது. உங்களுக்குத்தான் தூக்கம் வரும்.

#3 பழைய_சிக்னல்

மகளே, உன் கேள்வி நல்ல கேள்வி. மலை கடலில் இறங்கும் இடத்தில் மட்டமான பாதை எப்படி வந்தது? அந்தப் பாதையில் நான் கால் வைத்ததில்லை. ஆனால் 34 வருடம் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் இருந்தவன் என்பதால் இதற்கு மட்டும் பதில் தெரியும்.

அது சைக்கிளுக்காகப் போட்ட பாதை இல்லை. ஜெனோவாவிலிருந்து பிரெஞ்சு எல்லைப் பக்கம் வெந்திமிலியா வரை 1872-இல் திறந்த ரயில் பாதையின் ஒரு துண்டு. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளுகிறது. அதனால்தான் ஒரு எஞ்ஜின் அத்தனை பெட்டிகளை இழுக்க முடிகிறது. அதே காரணத்தால் ஏற்றம் வந்தால் சக்கரம் வழுக்கும். நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறினாலே எங்களுக்கு அது ஏற்றம்தான், டிரைவர் முணுமுணுப்பார். சைக்கிள்காரருக்கு அது கண்ணிலேயே படாது.

அந்தக் காலத்துப் பொறியாளர்களுக்கு இருந்த வழி இரண்டுதான். ஒன்று, தண்ணீர் விளிம்பிலேயே கல் சுவர் எழுப்பி அதன்மேல் தண்டவாளம் போடுவது. இரண்டு, மலையின் மூக்கு கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் அதைக் குடைந்து போய்விடுவது. மலைமேல் ஏற்றும் பேச்சே கிடையாது. சாலைக்கு அந்தக் கவலை இல்லை. அங்கே ஓடும் அவுரேலியா நெடுஞ்சாலை முனைக்கு முனை ஏறி இறங்கும். ரயில் குனிந்து உள்ளே நுழைந்துவிடும்.

அப்புறம் ஏன் விட்டுவிட்டார்கள்? ஒற்றைத் தண்டவாளம். ஒரு வண்டி வந்தால் எதிர் வண்டி நிலையத்தில் காத்திருக்க வேண்டும். ஒரு பக்கம் அலை அரிக்கும், மறு பக்கம் மலை சரியும். அந்த மாதிரி இடத்தில் பராமரிப்பு வேலை செய்தவனுக்குத்தான் தெரியும், மழைக்கால இரவில் தொலைபேசி அடித்தால் வயிறு எப்படிக் கலங்கும் என்று. 2001-இல் உள்பக்கமாக, பெரும்பாலும் சுரங்கத்துக்குள்ளேயே போகும் இரட்டைப் பாதை திறந்ததும் கடலோரத் தடம் காலியானது. அதைத்தான் தார் போட்டு சைக்கிளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ரயில் பயணிக்குக் கடல் போயிற்று, சைக்கிள்காரருக்கு வந்தது.

ஆகவே உன் அம்மாவின் மூட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். புதுக்கோட்டை அறிவொளி என்றதும் மகிழ்ச்சியாக இருந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். அப்போது நான் அந்தப் பக்கம் வேலையாக வந்திருக்கிறேன், லெவல் கிராசிங்கில் கேட் திறக்கக் காத்திருக்கும் கூட்டத்தில் பாதி சேலை கட்டிய சைக்கிள்காரர்களாக இருப்பார்கள்.

ஒரு சின்ன உதவி. அங்கே பழைய நிலையக் கட்டடங்கள் இன்னும் நிற்கின்றனவா என்று பார்த்துச் சொல்.

#4 மழைக்காகம்

ஐயா, மிக்க நன்றி. இதை அப்படியே அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்த கேட்ல நானும் நின்னிருப்பேன்" என்கிறார்.

சுரங்கம் என்றதும் அவருக்கு இன்னொரு பயம். எவ்வளவு நீளம்? வெளிச்சம் இருக்குமா?

#5 கடல்_உப்பு

நான் சுவிட்சர்லாந்தில் லுகானோவில் இருக்கிறேன், ஆறு வருடமாக ஆண்டுக்கு ஒரு முறையாவது அங்கே போகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

சுரங்கங்கள் பல உண்டு, பெரும்பாலானவை சிறியவை. நீளமானது சான் ரெமோவுக்கும் ஒஸ்பெதலெத்திக்கும் நடுவே உள்ள காப்போ நேரோ சுரங்கம். சுமார் ஒன்றே முக்கால் கி.மீ. விளக்கு இருக்கிறது, ஆட்கள் வந்து போய்க்கொண்டே இருப்பார்கள். பயம் இருட்டால் வருவதில்லை, நுழைகிற அந்த ஐந்து விநாடியால் வருவது. வெயிலில் இருந்து சடாரென்று உள்ளே போகும்போது கண் கட்டிவிடும். வாயிலுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, குளிர்க் கண்ணாடியைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். என் தங்கை கழற்றாமல் போய், முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தவர் மேல் மோதப் பார்த்தாள். உள்ளே குளிரும். வியர்த்திருந்தால் நன்றாகவே குளிரும், ஒரு மெல்லிய மேல்சட்டை கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

எந்த முனையில் தொடங்குவது? ரயிலில் வருகிறீர்கள் என்றால் உங்களுக்குத் தேர்வு அதிகம் இல்லை. 2001-இல் தடம் மாறியபோது ஒஸ்பெதலெத்தி நிலையம் மூடப்பட்டுவிட்டது. புதிய பாதையில் சான் ரெமோவிலும் தாஜா-அர்மாவிலும் நிற்கும். சான் ரெமோ நிலையம் மலைக்கடியில் இருக்கிறது. நடைமேடையிலிருந்து வெளி வாசலுக்கு நீண்ட குகை நடை, நகரும் நடைபாதையெல்லாம் வைத்திருக்கிறார்கள். அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் சைக்கிள் ஏறும் முன்பே "இதுதான் அந்த சுரங்கமா?" என்று கேட்பார். சொந்த சைக்கிள் கொண்டு போனால் வட்டார ரயில்களில் ஏற்றலாம், சைக்கிளுக்குத் தனியாகத் துணைச் சீட்டு எடுக்க வேண்டும். மூன்று பேருக்கும் அங்கேயே வாடகைக்கு எடுப்பது சுலபம்.

நான் செய்வது இது. காலையில் தாஜா-அர்மாவில் இறங்கி மேற்கே ஒஸ்பெதலெத்தி நோக்கிப் போவேன், வெயில் முதுகில் விழும். மதியத்துக்கு மேல் திரும்பும்போது சூரியன் மேற்கே போயிருக்கும், மறுபடி முதுகில்தான். வெயில் நாட்களில் பிற்பகல் கடற்காற்று பெரும்பாலும் தெற்கு, தென்மேற்கிலிருந்து வரும், அதுவும் திரும்பும் வழியில் தள்ளிவிடும். காற்றை எதிர்த்து மிதிப்பதுதான் இந்தப் பாதையில் உள்ள ஒரே மலை.

இன்னும் இரண்டு விஷயம், இதை யாரும் சொல்ல மாட்டார்கள். ஒன்று, இங்கே வலப்பக்கம் போக வேண்டும். உங்களுக்குப் பழகியிருக்கும், அம்மாவுக்குக் கை தானாக இடப்பக்கம் திருப்பும், எதிரே ஆள் வரும்போது முக்கியமாக. இரண்டு, பிரேக். நம் ஊர் சைக்கிளில் வலது பிடி முன் சக்கரத்துக்கு. இங்கே பெரும்பாலும் இடது பிடிதான் முன் சக்கரம். வாடகைக் கடை வாசலில் வண்டியைத் தள்ளிக்கொண்டே இரண்டு பிடியையும் தனித்தனியாக அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அவசரத்தில் முன் பிரேக்கை இறுகப் பிடித்தால் ஆள் கைப்பிடிக்கு மேலே போய்விடுவார்.

ஜூலை, ஆகஸ்டில் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க வேண்டாம். ஏப்ரல் அருமை. மலைத்தொடர் வடக்குக் குளிர்காற்றை மறைத்து நிற்பதால் மிலானில் கோட்டு போட்டிருக்கும் நாளில் அங்கே அரைக்கை சட்டை போதும்.

#6 சங்கிலி_எண்ணெய்

சலிப்பு என்று சொன்னதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். அந்தக் காப்போ நேரோ சுரங்கத்தை மறந்துவிட்டேன். மிலான்–சான் ரெமோ சைக்கிள் பந்தயத்தின் வரலாறு உள்ளே ஆண்டு வாரியாகக் குறிக்கப்பட்டிருக்கும். சைக்கிள் பைத்தியத்துக்கு அது கோயில் பிரகாரம். நான் பாதியில் வெளியேறியவன்தான், ஆனால் மறுநாள் இதற்காகவே திரும்பப் போனேன். நடந்துதான் கடந்தேன்.

மழைக்காகம், உங்கள் பையனுக்குக் கதை தெரிந்தால் சுவாரசியம் கூடும். 1907-இல் முதல் பந்தயம், வென்றவர் பிரெஞ்சுக்காரர் லூசியன் பெத்தி-பிரெத்தோன். 1910-இல் கணவாயில் பனி கொட்டி, விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆட்கள் கடைசி வரை வந்து சேர்ந்தார்கள். 1946-இல் இத்தாலிய வீரர் கோப்பி பதினான்கு நிமிடம் முன்னால் வந்து வென்றார். பெல்ஜிய வீரர் மெர்க்ஸ் ஏழு முறை வென்றார். 2013-இல் மறுபடி பனி. பந்தயத்தை நடுவில் நிறுத்தி, எல்லோரையும் பேருந்தில் ஏற்றி மலையைத் தாண்டிக் கொண்டுபோய் இறக்கி, அங்கிருந்து தொடர்ந்தார்கள். 2022-இல் ஸ்லோவேனிய வீரர் மொஹோரிச் இருக்கையைத் தாழ்த்தும் கருவியோடு வந்து, போஜ்ஜோ என்ற மலையின் இறக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வென்றார். அந்த இறக்கத்தைக் காணொளியில் பார்த்தாலே எனக்கு உள்ளங்கை வியர்க்கும்.

பழைய சிக்னல் ஐயா சொன்னதை வைத்து இப்போதுதான் ஒன்று உறைக்கிறது. பந்தயம் சைக்கிள் பாதையில் போகாது, அவுரேலியாவில் போகும். முனைகளில் ஏறி இறங்குவதுதான் பந்தயத்தின் உயிர். அந்த ஏற்றமும் போதாமல் 1960-இல் போஜ்ஜோவைச் சேர்த்தார்கள், 1982-இல் சிப்ரெஸாவை. ஐயா சொல்லும் ரயில்காரர் ஏற்றத்தைத் தவிர்க்க மலையைக் குடைந்தார், பந்தயக்காரர் ஏற்றத்தைத் தேடி ஊருக்குள் சுற்றினார். இரண்டு பேரும் போகும் இடம் ஒன்றுதான்.

ஆனால் அந்தக் கூட்டம் பற்றிச் சொன்னதில் மாற்றம் இல்லை. சைக்கிள் பாதையில் நான்கு பேர் கைகோத்து அகலத்தை அடைத்துக்கொண்டு நடப்பது என்ன நியாயம்?

#7 நடந்தே_போவேன்

சங்கிலி எண்ணெய் அவர்களே, அந்தப் பாதையில் நடப்பவர்களுக்கும் இடம் உண்டு. போன செப்டம்பரில் நானும் மனைவியும் ரீவா லிகுரே பக்கம் நடந்துகொண்டிருந்தோம். உங்களைப் போல ஒருவர் தலையைக் குனிந்து, முன்னால் என்ன இருக்கிறது என்றே பார்க்காமல், தோளை உரசிக்கொண்டு போனார். மணி அடிக்கவில்லை. மனைவி கையில் இருந்த தண்ணீர் பாட்டில் கீழே விழுந்து உருண்டு கடலுக்கே போயிற்று. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

#8 சங்கிலி_எண்ணெய்

அது நான் இல்லை. செப்டம்பரில் நான் அங்கே போகவே இல்லை.

#9 நடந்தே_போவேன்

நீங்கள் என்று சொல்லவில்லை. உங்களைப் போல என்றேன்.

#10 பழைய_சிக்னல்

தம்பிகளா, ஒரு நிமிடம். அங்கே ஆட்கள் ஏன் வேகம் பிடிக்கிறார்கள் என்பதற்கும் தடம்தான் காரணம். ரயில் பாதையில் வளைவுகள் பெரிய வட்டத்தின் துண்டுகள். ரயில் சடக்கென்று திரும்பாது. மட்டமான தரை, மெதுவான வளைவு, கீழே வழுவழுப்பான தார். காலுக்குத் தடை ஒன்றுமே இல்லாததால் எவ்வளவு வேகம் போகிறோம் என்று ஓட்டுபவருக்கே தெரியாது. ஆனால் அகலம் ஒற்றைத் தண்டவாளத்தின் அகலம்தான். நாங்கள் அந்த இடத்தில் இரண்டு வண்டி எதிரெதிரே வராமல் இருக்க சிக்னல், டோக்கன், தொலைபேசி என்று இத்தனை ஏற்பாடு வைத்திருந்தோம். இப்போது அதே இடத்தில் நாய், பேரன், பாட்டி, பந்தயக்காரர் எல்லோரும் சிக்னல் இல்லாமல் போகிறார்கள். முட்டாமல் இருப்பதே பெரிய விஷயம்.

#11 கடல்_உப்பு

மணியைப் பற்றி என் அனுபவம். முதுகுக்குப் பக்கத்தில் போய் அடித்தால் நடப்பவர் துள்ளிக் குறுக்கே வருவார். முப்பது மீட்டர் தள்ளி ஒரு முறை, மெதுவாக. அவர் திரும்பிப் பார்த்த பிறகு கடக்க வேண்டும். சுரங்கத்துக்குள் மணி எதிரொலிக்கும், எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே தெரியாது. உள்ளே மணியை நம்பாமல் வேகத்தைக் குறைப்பதுதான் வழி.

சங்கிலி எண்ணெய், வேகமாக ஓட்ட வேண்டுமென்றால் காலை ஏழு மணிக்குள் போங்கள். நீங்களும் மீன்பிடிப்பவர்களும்தான் இருப்பீர்கள்.

#12 சங்கிலி_எண்ணெய்

ஏழு மணி சரி. நடந்தே போவேன், பாட்டிலுக்கு என் சார்பில் மன்னிப்பு, நான் செய்யாததற்கு.

#13 பனிக்கரடி

குறுக்கே வருகிறேன். மலையும் கடலும் ஒட்டிய தார்ப் பாதை என்றால் எனக்கு அலாஸ்காதான். ஆங்கரேஜுக்குத் தெற்கே டர்னகைன் ஆர்ம் என்ற கடல் நீட்சியை ஒட்டி, இண்டியன் என்ற இடத்திலிருந்து கிர்ட்வுட் வரை சுமார் 21 கி.மீ. ஓர் ஓரத்தில் பனி மூடிய மலை, இன்னொரு ஓரத்தில் வெள்ளைத் திமிங்கிலம் வரும் கடல். ஓதம் வற்றினால் சேற்று வெளி நீளமாகத் தெரியும், இறங்கிவிடக் கூடாது. பார்க்கக் கெட்டியாக இருக்கும், கால் புதைந்தால் பிடித்துக்கொள்ளும், ஓதம் திரும்பி வரும் வேகம் பயங்கரம். அங்கே பயப்பட வேண்டியது நடப்பவர்களுக்கு இல்லை, கரடிக்கு. மணி அதற்கும் அடிக்கலாம்.

#14 மட்டுறுத்துநர்

பனிக்கரடி, நல்ல தகவல், தனி இழையாகத் தொடங்குங்கள். இங்கே லிகூரியா தொடரட்டும்.

#15 மழைக்காகம்

எல்லோருக்கும் நன்றி, தேதி முடிவாகிவிட்டது. கடைசியாக ஒரு கேள்வி. அம்மா சைவம். வழியில் என்ன சாப்பிடலாம்?

#16 கடல்_உப்பு

ஃபரினாத்தா கேளுங்கள். கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். அகலமான தட்டில் ஊற்றி அடுப்பில் வேக வைத்து, வெட்டிக் கொடுப்பார்கள். சூடாகச் சாப்பிட வேண்டும், ஆறினால் நன்றாக இருக்காது. ஃபொகாச்சா என்ற தட்டை ரொட்டியும் சைவம்தான், ஆனால் சார்தெனைரா என்று தக்காளி போட்டு சிவப்பாக இருக்கும் ஒன்று வரும், அதில் நெத்திலி மாதிரி உப்பு மீன் சேர்ப்பார்கள். கேட்டு வாங்குங்கள். அந்த மலைச்சரிவில் விளையும் சிறிய ஆலிவுக்கு தாஜா ஊரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள், ஒரு பொட்டலம் வாங்கிக் கொள்ளலாம்.

#17 மழைக்காகம்

போய் வந்துவிட்டோம்! மூன்று வாரம் ஆயிற்று, அம்மாவை விமானம் ஏற்றிவிட்டு இப்போதுதான் எழுத உட்கார்ந்தேன்.

கடல் உப்பு அக்கா சொன்னபடியே தாஜா-அர்மாவில் இறங்கினோம். வாடகைக் கடையில்தான் முதல் சிக்கல். அம்மாவுக்குக் கொடுத்த வண்டியில் இருக்கையின் பூட்டு தேய்ந்திருந்தது. உட்கார்ந்து நூறு மீட்டர் போனதும் மெதுவாகக் கீழே இறங்கும். திருப்பிக் கொண்டு போனால் கடைக்காரர் சுத்தியலால் ஒரு தட்டு தட்டிவிட்டு "இப்போது சரி" என்றார். மறுபடி இறங்கிற்று. மூன்றாவது முறை அம்மாவே வண்டிகளை வரிசையாகத் தள்ளிப் பார்த்து, இருக்கையை ஆட்டிப் பார்த்து, பிரேக்கைப் பிடித்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். கடைக்காரர் வாயைத் திறக்கவில்லை.

முதல் பத்து நிமிடம் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. எதிரே ஆள் வந்தால் இடப்பக்கம் ஒதுங்கினார், அக்கா சொன்ன மாதிரியே. பையன் பின்னாலிருந்து "வலது, வலது பாட்டி" என்று கத்திக்கொண்டே வந்தான். அதற்கப்புறம் என்ன நடந்ததென்று தெரியவில்லை, ஒரு வளைவு திரும்பியதும் அம்மா முன்னால் போய்விட்டார். முதுகு நிமிர்ந்திருந்தது. நாங்கள் இருவரும்தான் துரத்த வேண்டியிருந்தது.

காட்சி பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், நான் ஒன்றுதான் சொல்வேன். காரில் கடலோரம் போகும்போது கடல் படம் மாதிரி ஓடிவிடும். இங்கே அலைச் சத்தம் கூடவே வருகிறது, ஒரு சுரங்கத்தில் நுழைந்ததும் அறுந்து போகிறது, வெளியே வந்ததும் முகத்தில் அறைகிற மாதிரி திரும்ப வருகிறது. பையன் இதற்காகவே சிறு சுரங்கம் ஒன்றில் மூன்று தடவை உள்ளே போய் வெளியே வந்தான். மலைச்சரிவு முழுக்கக் கண்ணாடிக் கூடங்கள், பூ வளர்ப்பவை. சில உடைந்து கிடக்கின்றன. மேலே மலை மேல் பாழடைந்த கோபுரத்தோடு ஒரு ஊர் தெரிந்தது. புஸ்ஸானா வெக்கியா, 1887 பிப்ரவரியில் நிலநடுக்கத்தில் இடிந்து மக்கள் விட்டுப்போன ஊராம். பிற்பாடு ஓவியர்கள் வந்து குடியேறியிருக்கிறார்கள். அம்மா "மேலே போகலாமா?" என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். இப்போது வருந்துகிறேன்.

காப்போ நேரோ சுரங்கம். வாயிலில் அம்மா இறங்கிவிட்டார். ஓட்ட மாட்டேன் என்றார். சரி, தள்ளிக்கொண்டே போவோம் என்று மூவரும் ஓரமாக நடந்தோம். பையன் ஒவ்வோர் ஆண்டாக வாசித்தான், சங்கிலி எண்ணெய் சொன்ன கதைகளை அந்தந்த ஆண்டு வரும்போது பாட்டிக்குச் சொன்னான். 2013 பேருந்துக் கதையில் அம்மா சிரித்துவிட்டார். "அப்ப அது சைக்கிள் ரேஸா, பஸ் ரேஸா?" 1992 வந்ததும் நின்றார். அந்த ஆண்டு அயர்லாந்து வீரர் ஷான் கெல்லி இறக்கத்தில் துரத்திப் பிடித்து வென்றாராம். அம்மாவுக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. "நான் கத்துக்கிட்ட வருஷம்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். மிச்சத் தூரம் ஓட்டியே கடந்தார். நாங்கள் 1992-க்கு அப்புறம் எதையும் வாசிக்கவில்லை.

பழைய சிக்னல் ஐயாவுக்கு: கட்டடங்கள் நிற்கின்றன. ஒஸ்பெதலெத்தியில் பழைய நிலையத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். அம்மா ஃபரினாத்தாவை ஒரு வாய் வைத்துவிட்டு "இதுல கொஞ்சம் மிளகாயும் கருவேப்பிலையும் கிள்ளிப் போட்டா என்ன?" என்றார். ஆனால் இரண்டாவது துண்டும் கேட்டார்.

திரும்பும்போது காற்று முதுகில் தள்ளியது உண்மை. சான் லொரென்ஸோ வரை போக முடியவில்லை, கிழக்குப் பாதி அப்படியே மிச்சம். வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் அம்மாவுக்கு மூட்டு வலிக்கவில்லை, உள்ளங்கைதான் வலித்தது. பிடியை அவ்வளவு இறுகப் பிடித்திருக்கிறார்.

பையன் மட்டும் தன் சொந்த சைக்கிளைக் கொண்டு வந்திருந்தான். இப்போது அதன் சங்கிலியில் செம்மண் நிறத்தில் துரு. மூன்று வாரத்தில் இவ்வளவா? என்ன செய்வது?

#18 சங்கிலி_எண்ணெய்

கடலோரம் ஓட்டிவிட்டு அப்படியே நிறுத்தினால் அவ்வளவு ஆகும். உப்புத் துளி கண்ணுக்குத் தெரியாது, காற்றில் ஈரம் இருக்கும் வரை இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும். மேலாகப் படிந்த துரு என்றால் கவலை இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய பல் துலக்கும் பிரஷ், ஒவ்வொரு கண்ணியாகத் தேய்க்கச் சொல்லுங்கள். நல்ல தண்ணீரில் அலசி, துணியால் துடைத்து, ஒரு மணி நேரம் காய விடுங்கள். ஈரத்தின் மேல் எண்ணெய் போடக் கூடாது. காய்ந்ததும் கண்ணிக்கு ஒரு சொட்டு, பின்னோக்கி நான்கைந்து சுற்று மிதிக்கட்டும், பிறகு வெளியே இருக்கும் எண்ணெயை முழுக்கத் துடைத்துவிட வேண்டும். சமையல் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துப் போகும். கண்ணிகள் மடங்காமல் விறைத்து நின்றால் சங்கிலியை மாற்றிவிடுங்கள்.

அடுத்த முறை போகும்போது அன்று இரவே துடைத்துவிடச் சொல்லுங்கள், தங்கும் இடத்தில் ஒரு ஈரத் துணி போதும்.

#19 பழைய_சிக்னல்

கட்டடம் நிற்கிறது என்றதே போதும், மகளே. கிழக்குப் பாதிக்குப் போகும்போது ஒரு தகவல் வைத்துக்கொள். சான் லொரென்ஸோவுக்கு அப்பால் இம்பீரியா, அந்தோரா பக்கம் இருந்த பழைய தடத்தையும் 2016 டிசம்பரில் கைவிட்டு ரயிலை உள்ளே மாற்றினார்கள். இம்பீரியா பக்கம் சைக்கிள் பாதை அந்தத் தடத்தில் பகுதி பகுதியாக நீண்டுகொண்டிருக்கிறது. அம்மா அடுத்த ஆண்டு வந்தால் எது வரை திறந்திருக்கிறது என்று கேட்டுவிட்டுக் கிளம்பு.

#20 மழைக்காகம்

அம்மா இப்போதே கேட்கச் சொல்லிவிட்டார், ஐயா. தேதியும் அவரே சொல்லிவிட்டார், மார்ச். பந்தயம் வரும் வாரமாம், பையன் சொல்லிக் கொடுத்திருக்கிறான்.